ராம்நகர் காட்டில் பறவை விழா: தனியாகப் போகிறவர்களுக்கு

பிப்ரவரியில் இமயமலை அடிவாரத்தில் நடக்கும் பறவை விழாவுக்குத் தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறேன். ஆசைப்பட்ட பறவைகளில் பாதிக்கு மேல் பார்த்தேன். நடுவில் ஒரு ராத்திரி, விடுதி அறையில், உயிர் போகிற நிலைக்குப் போய் மீண்டேன். புலி நடமாடும் காடு, யானைகள் கடக்கும் சாலை என்று வீட்டில் பயந்தார்கள். என்னைச் சாய்த்தது குளிருக்கு இதமாக அறைக்குள் வைத்த கரியடுப்பு. இதை யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரி எனக்கு நேர்ந்திருக்காது. நம் பக்கத்திலிருந்து வடக்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் இப்போது நிறைய. தனியாகப் போகிற பெண்களும் இருக்கிறார்கள். அதனால் நடந்ததை வரிசையாக, செலவுக் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் விழாவைப் பற்றி. உத்தராகண்ட் வனத்துறை வசந்தகாலத்தை ஒட்டி நடத்தும் பறவை விழா இது. எப்போதும் ஒரே காட்டில் நடப்பதில்லை. நான் போனபோது ராம்நகருக்குப் பக்கத்தில் உள்ள பவல்கட் காட்டில் நடந்தது. கார்பெட் தேசியப் பூங்காவுக்குக் கிழக்கே, கோசி ஆற்றைத் தாண்டி இருக்கும் சால மரக் காடு. 2012-இல் இதைத் தனிக் காப்பகமாக அறிவித்தார்கள். பரப்பு சுமார் 58 சதுர கிலோமீட்டர். 1930-இல் வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட் சுட்ட பெரும்புலி ஒன்றின் பெயரோடு சேர்த்துத்தான் பவல்கட் என்ற ஊர்ப்பெயர் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அவர் குளிர்காலங்களில் தங்கிய காலாடுங்கி வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது, அதுவும் பக்கத்தில்தான்.

வசந்தகாலம் என்கிறார்களே, பிப்ரவரியில் ஏன் வைக்கிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. போய்ப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பனிமலையின் உயரங்களில் கோடையைக் கழிக்கும் பறவைகள் குளிருக்குப் பயந்து அடிவாரத்துக்கு இறங்கி வந்திருக்கும். பிப்ரவரி, மார்ச் தொடக்கம் வரை அவை மேலே திரும்பியிருக்காது. அதே சமயம் அடிவாரத்திலேயே வாழும் பறவைகள் பாடத் தொடங்கிவிடும், சில கூடு கட்டவும் தொடங்கிவிடும். முள்ளிலவு மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். தேன் குடிக்க வரும் பறவைகளை மறைக்க இலை கிடையாது. இந்த மூன்றும் ஒன்றுகூடும் சில வாரங்களைத்தான் விழாவுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆறுமணிக்குருவி இப்படிப்பட்ட அடிவாரக் காடுகளிலும் கூடு கட்டுகிறது என்று படித்துவிட்டு அதைப் பார்க்கும் ஆசையோடு வந்த ஒருவரை விழாவில் சந்தித்தேன். அது வடக்கே போய்ச் சேரக் கோடை நடுப்பகுதி ஆகிவிடும். பிப்ரவரியில் அது நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பறவை.

நான் மதுரைக்காரி. சாமநத்தம் கண்மாயில் நீர்ப்பறவை பார்த்துப் பழகியவள். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு எனக்கென்று செய்துகொண்ட முதல் நீண்ட பயணம் இது. விழாவுக்குப் பதிவு செய்வதில் சிரமமே இருக்கவில்லை. ஆனால் கூடார இடங்கள் நான் பதிவதற்கு முன்பே நிறைந்துவிட்டன. தங்குமிடத்தை வெளியே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. இந்தி எனக்கு அரைகுறை. அதனால் டெல்லியில் இருக்கும் ஒரு பயண ஏற்பாட்டாளரைப் பிடித்தேன். ராம்நகர் ரயில் நிலையத்திலிருந்து அழைத்துப்போவது, விழா நடக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கிராமத்து வீட்டு விடுதியில் அறை, தினமும் காலையில் ஜீப் எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய். முழுத்தொகையையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். ரசீது கொடுத்தார்கள், விடுதியின் படங்கள் அனுப்பினார்கள், மூன்று முறை தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார்கள். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி ரயிலில் ஏறினால் அது டெல்லியின் நிஜாமுதீன் நிலையத்தில் கொண்டுபோய் விடும். ராம்நகர் ரயில் புறப்படுவது பழைய டெல்லி நிலையத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவில் டெல்லிப் போக்குவரத்தைத் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் வடக்கே போகும் ரயில்கள் மூடுபனியால் பல மணி நேரம் தாமதமாவது சாதாரணம், என் ரயிலும் அப்படித்தான். இடைவெளி நிறைய விட்டிருந்ததால் தப்பித்தேன். காலையில் டெல்லி, இரவில் அடுத்த ரயில் என்று வைத்துக்கொண்டால் தைரியமாக இருக்கலாம். நான் போன இரவு ரயில் முராதாபாத்தில் இரண்டாகப் பிரிந்தது. சில பெட்டிகள் ராம்நகருக்கு, மற்றவை காத்கோதாமுக்கு. எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு பெட்டியில் இருக்கும் தெரிந்தவர்களோடு பேசப் போய் அங்கேயே கண்ணயர்ந்தால் விடியும்போது வேறு ஊரில் இருப்பீர்கள்.

ராம்நகரில் இறங்கியபோது இன்னும் இருட்டு. வாயைத் திறந்தால் புகை வந்தது. என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நிற்பார் என்று சொல்லியிருந்தார்கள். யாரும் இல்லை. அவர்கள் கொடுத்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு ஆளுக்கொரு விலை சொன்னார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை. இருட்டில் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று முடிவு செய்து பெண்கள் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தேன். அது நல்ல முடிவு. விடிந்த பிறகு அதே வண்டிக்காரர்கள் பாதி விலைக்கு வந்தார்கள். வண்டி எண்ணைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு ஏறினேன். விழா இடம்வரை 800 ரூபாய்.

முதல் நாள் பகல் முழுக்க விழாவில் நன்றாகப் போயிற்று. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் உள்ளூர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாகக் கொடுத்தார்கள். கூடவே வனக்காவலர் வருவார். புலிக்காடு என்பதால் தனியாக நடக்க யாரையும் விடுவதில்லை, விடவும் கூடாது. சாப்பாட்டுக் கடைகளைக் கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து போட்டிருந்தார்கள். அவர்கள் மண்டுவா ரொட்டி என்று கொடுத்தது நம் கேழ்வரகு, கஹத் பருப்பு என்றது நம் கொள்ளு, ஜங்கோரா பாயசம் என்றது குதிரைவாலி. இரண்டு நாள் ரயில் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டு விடுதியைத் தேடிப் போனேன். அந்த வீட்டுக்காரர் என் ரசீதை வாங்கிப் படித்துவிட்டு, "இவங்க டிசம்பர்ல ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. முன்பணம் அனுப்பறேன்னாங்க, அனுப்பவே இல்லை. நானும் அறையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன், மாதாஜி" என்றார். கோபப்படக்கூட ஆளில்லை, அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. விழாவை ஒட்டி அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஓர் அறைகூட மிச்சமில்லை. செல்பேசியில் சிக்னல் வரவும் இல்லை, இருட்டத் தொடங்கிவிட்டது. கையில் பெட்டியோடு முன்பின் தெரியாத ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற அந்த அரைமணி நேரத்தில்தான் இந்தப் பயணத்தில் முதல் முறை அழுதேன். விழாத் தொண்டர்களில் ஒரு பெண் தன் ஜீப்பில் ராம்நகர் போகிறவர்களோடு என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஏற்பாட்டாளர் எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும், தங்கும் வீட்டுக்காரரின் நேரடி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த எண்ணுக்குப் பேசி, என் பெயரில் முன்பணம் வந்ததா என்று கேளுங்கள். இந்தி தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியில் உண்மை தெரிந்துவிடும். இன்னொன்று, காட்டுக் கிராமங்களில் சிக்னல் இல்லாவிட்டால் ஜீபேயும் இல்லை. ஏடிஎம் வேண்டுமென்றால் ராம்நகருக்குத்தான் வரவேண்டும். நான் மதுரையிலிருந்தே 8,000 ரூபாயைப் பணமாகப் பிரித்து இரண்டு பைகளில் வைத்திருந்தேன். அந்தப் பணம் இல்லையென்றால் அன்று என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ராம்நகரில் கிடைத்தது ஒரு சிறிய விடுதி. 900 ரூபாய் அறை. குளியலறை ஜன்னலைக்கூடக் குளிருக்காக அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மழை பிடித்தது. பிப்ரவரியில் அங்கே மேற்கிலிருந்து வரும் குளிர்கால மேகங்கள் திடீரென்று மழை கொட்டும், சில சமயம் ஆலங்கட்டியும் விழும். மின்சாரம் போய்விட்டது. மதுரையில் பிறந்து வளர்ந்த உடம்பு. ரஜாய் என்கிற அந்தக் கனத்த பஞ்சுப் போர்வைக்குள்ளும் நடுக்கம் நிற்கவில்லை. விடுதிப் பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். "ஆண்ட்டிஜி, அங்கீட்டி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டான். இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. புகையே இல்லை. வாசனையும் பெரிதாக இல்லை. அறை பத்து நிமிடத்தில் இதமாகிவிட்டது. அவன் அன்பாகத்தான் செய்தான். கதவைத் தாழிட்டுப் படுத்தேன்.

என் மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே பகல். அறை இல்லாமல் நின்ற செய்தியை நான் அனுப்பியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். மணி இரண்டு இருக்கும். அடிக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கை எடுக்க மறுத்தது. நின்று மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. எப்படியோ எடுத்துவிட்டேன். நான் பேசியது குழறியது என்று பிறகு அவள் சொன்னாள். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது, வயிறு புரட்டுகிறது என்றேனாம். ரூமில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். கரியடுப்பு என்றதும் கத்தத் தொடங்கிவிட்டாள். "அம்மா, கதவைத் திறம்மா, வெளியே போ, இப்பவே போ!" எழுந்து நிற்கக் கால் வரவில்லை. தவழ்ந்துதான் கதவுக்குப் போனேன். மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்ததால் நடுத் தாழை மட்டும் போட்டிருந்தேன். மேலே போட்டிருந்தால் என்னால் எட்டியிருக்க முடியாது. நடைக்கூடத்தில் விழுந்து வாந்தி எடுத்தேன். அந்தப் பையன் ஓடிவந்து, 108-க்குப் பேசி, ஆம்புலன்ஸில் என்கூடவே வந்தான். வழியெல்லாம் அவன் அழுதுகொண்டிருந்தான்.

மருத்துவமனையில் நடந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். அங்கீட்டி என்று பையன் சொன்னதும்தான் பணியில் இருந்த மருத்துவர் உடனே ஆக்சிஜன் முகமூடியை மாட்டச் சொன்னார். அப்புறம் அவர் பொறுமையாக விளக்கினார். கரி எரியும்போது காற்றுப் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் நல்ல எண்ணையே காட்டும். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய வாயுவில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரமாகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, குழப்பம் என்றுதான் தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு இவை எதுவுமே தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிச் சாகிறவர்கள் வடக்கே இருக்கிறார்கள் என்றார். வடக்கே செய்தித்தாள்களில் அடிக்கடி வருமாம். நம் பக்கம் குளிரே இல்லாததால் இந்தப் பேச்சே நம் காதுக்கு எட்டுவதில்லை.

ஆகவே, நான் எழுதுவதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கரியோ விறகோ கனலும் எதையும் தூங்கும் அறைக்குள் வைக்கவிடாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று சொல்வார்கள். அதையும் நம்ப வேண்டாம். தீக்காய வேண்டுமென்றால் வெளித் திண்ணையில் உட்கார்ந்து காய்ந்துவிட்டு வந்து படுங்கள். குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசரும் இதே வாயுவைக் கக்கும். அங்கே காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாளியில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குளியுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. உள்ளங்கை அளவுதான். ஊர் திரும்பியதும் ஒன்று வாங்கிவிட்டேன். படுக்கைக்கு வெப்பம் வேண்டுமென்றால் ரப்பர் வெந்நீர்ப் பையில் சூடான தண்ணீர் ஊற்றிப் போர்வைக்குள் காலடியில் வைத்துக்கொள்வதுதான் சரி. பையைக் கொடுத்தால் எந்த விடுதியிலும் சமையலறையில் நிரப்பித் தருகிறார்கள். தனியாகப் போகிறவர்கள் ராத்திரி ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி வீட்டில் யாரிடமாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், எடுக்கவில்லை என்றால் விடுதிக்குப் பேசும்படி விடுதி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த நாள் முழுக்கப் போய்விட்டது. அன்றுதான் என் குழுவைக் கோசி ஆற்றங்கரைக்கு, கர்ஜியா கோயில் பக்கம் அழைத்துப்போனார்கள். கூழாங்கல்லின் சாம்பல் நிறத்திலேயே இருந்து, சிவந்து வளைந்த நீள அலகால் மட்டும் கண்ணில் படும் இபிஸ்பில் பறவைக்காகத்தான் நான் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்தேன். அதன் குடும்பத்தில் உலகத்திலேயே அது ஒரே ஓர் இனம். என் குழுவில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் கட்டிலில் முகமூடியோடு கிடந்தேன். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். ஆனாலும் அந்தப் பறவையை நினைத்து எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

உடனே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அந்த வீட்டு விடுதிக்காரரின் மனைவி மருத்துவமனைக்கே வந்துவிட்டார். தொண்டர் பெண் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "தீதி, அறை இல்லேன்னா என்ன, என் பொண்ணோட படுத்துக்கோங்க. இந்த நிலைமையில தனியா ரயில் ஏற விட மாட்டேன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டார். மருத்துவரும் இன்னும் ஒன்றிரண்டு நாள் யாராவது கூடவே இருப்பது நல்லது, ஓடியாடி அலையக் கூடாது, மறதியோ தடுமாற்றமோ தெரிந்தால் மறுபடி வரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். கிளம்பும்போது அந்த அம்மா பணம் வாங்க மறுத்தார். பெண்ணின் படிப்புக்கு என்று சொல்லி 2,000 ரூபாயைப் பிடிவாதமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசி நாள் காலையில் நடைப்பயணம் வேண்டாம், ஜீப்பில் உட்கார்ந்தபடி வரலாம் என்றார்கள். அங்கே ஜீப் என்றால் மேலே திறந்த ஜிப்சி. நிழலில் நிற்கும்போது தாங்கக்கூடிய குளிர், வண்டி ஓடும்போது அடிக்கிற காற்றில் இரண்டு மடங்காகிவிடும். முதல் நாள் என் விரல்கள் மரத்துப்போய் பைனாகுலரின் சக்கரத்தைத் திருப்பவே முடியவில்லை. கனத்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, உள்ளே உடம்போடு ஒட்டும் தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுவதுதான் பலன் தருகிறது. பத்து மணிக்கு வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். விரல் நுனி திறந்த கையுறை ராம்நகர் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. பளிச்சென்ற நிறங்கள் வேண்டாம். இன்னொரு விஷயம், குழு பிரிக்கும்போது படம் எடுக்கிறவர்களின் குழுவா, பார்க்கிறவர்களின் குழுவா என்று கேட்டுச் சேருங்கள். பெரிய லென்ஸ்காரர்கள் ஒரு பறவைக்காக அரைமணி நேரம் ஒரே இடத்தில் நிற்பார்கள், அது அவர்கள் முறை. பறவையின் குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் மட்டும் எந்தக் குழுவிலும் வேண்டாம். கூடு கட்டும் பருவத்தில் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது தன் வேலையை விட்டுவிட்டு அலைகிறது. எங்கள் வழிகாட்டிப் பையன் அதை ஒருவரிடம் கண்டிப்பாகவே சொல்லி நிறுத்தினான். இருபது வயதில் அவனுக்கு இருந்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

அன்று ஒரு முள்ளிலவு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். மரம் முழுக்கச் சிவப்பு. மைனாக்கள், கரிச்சான்கள், பச்சைக்கிளிகள், தேன்சிட்டுகள், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ ஒரே நேரத்தில் பூவுக்குப் பூ மோதிக்கொண்டிருந்தன. பூ கீழே விழும் சத்தம்கூட தொப்பென்று கேட்டது. விழுந்த பூக்களைத் தின்னப் புள்ளிமான்கள் வந்து நின்றன. அங்கிருந்து சால மரங்களுக்குள் போனபோது குதிரை கனைப்பது போன்ற ஒரு குரல். பையன் இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். கிரேட் ஸ்லேட்டி மரங்கொத்தி. உயிரோடிருக்கும் மரங்கொத்திகளில் உலகத்திலேயே பெரியது, ஒரு முழத்துக்கு மேல் நீளம் என்று தோன்றியது. சாம்பல் உடம்பு, மஞ்சள் தொண்டை. ஒன்றன்பின் ஒன்றாக ஒரு குடும்பமே வந்து முதிர்ந்த சால மரங்களில் ஒட்டிக்கொண்டது. இவற்றுக்கு வயதான பெரிய மரங்கள்தான் வேண்டும், அப்படிப்பட்ட மரங்களை வெட்டிவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. சத்தம் போடாமல் அழுதேன். பக்கத்தில் இருந்த குஜராத்திப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஓடைப் பாறைகளில் பிளம்பியஸ் ரெட்ஸ்டார்ட் என்ற சிறு பறவை வாலை விசிறிக்கொண்டிருந்தது. மாலையில் யானைகள் கோசிக்கு இறங்கும் நேரம் என்று எல்லா வண்டிகளையும் வெளிச்சம் இருக்கும்போதே திருப்பிவிட்டார்கள். அந்தச் சாலைகளில் இருட்டிய பிறகு இருசக்கர வண்டியில் போக ஆசைப்படாதீர்கள், வாடகைக்கு எளிதாகக் கிடைத்தாலும் சரி.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏற்பாட்டாளருக்குப் போன 21,000 ரூபாய் தவிர, வண்டிக்கூலி, விடுதி, மருந்து எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5,000 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. ஊர் வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. ரசீது, அவர்கள் அனுப்பிய செய்திகள், வீட்டு விடுதிக்காரர் எழுதிக் கொடுத்த இரண்டு வரி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தேன். புகார் போன பிறகு ஏற்பாட்டாளர் கூப்பிட்டு, தவறு உள்ளூர் ஆள்மீது என்று சொல்லி 6,000 ரூபாய் திருப்பி அனுப்பினார்கள். அத்தோடு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். மதுரையில் மனு கொடுத்துவிட்டேன். மீதி 15,000 ரூபாயையும் கூடுதல் செலவையும் கேட்டிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.